வெயிலை அலட்சியஞ் செய்யலாமா?

ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்நாட்களிலேதான் நம் கமக்காரர் சிறுபோகத்துக்கு வயலைப் பண்படுத்துகின்றனர். கூலியாட்கள் தோட்டங்களிற் களை பிடுங்குகின்றனர். “வெயில் நமக்குப் பழகியதுதானே” என்று நாம் இருந்து விடுகிறோம். அந்த எண்ணமே உயிரைக் குடிக்கிறது என்பதை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வியர்வை உலரும்போதே உடலின் சூடு தணிகிறது. காற்றில் ஈரப்பதன் மிகுந்தால் வியர்வை உலராது; சூடு உள்ளேயே தங்கும். ஆகவேதான் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பத்தோடு ஈரப்பதனையும் கணக்கிட்டு எச்சரிக்கை விடுக்கிறது.

உடல் முதலில் எச்சரிக்கவே செய்கிறது. தசைப்பிடிப்பு, தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், மிகுந்த வியர்வை, சோர்வு ஆகியவை அதன் முறையீடுகள். பித்தம் என்று தள்ளிவிடாது, அப்பொழுதே வேலையை நிறுத்தி நிழலில் இருந்து, நீரோ உப்பிட்ட மோரோ அருந்தினால் பெரும்பாலும் தேறிவிடலாம்.

ஆனால் பேச்சுக் குழறி, அறிவு தடுமாறி, நடை தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. உடற்சூடு 40 பாகை செல்சியசைத் தாண்டியிருக்கும். கள் வெறி என்று நகைத்து ஒதுங்குவோர் ஓர் உயிரைக் கைவிடுகின்றனர். வியர்க்கிறதே என்றும் ஆறுதல் கொள்ளலாகாது. கடும் உழைப்பால் வீழ்ந்தவருக்கு வியர்வை நில்லாமலும் இருக்கலாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வருவியுங்கள். அது வருமட்டும் காத்திராது, நிழலிற் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறுங்கள். கழுத்திலும் கமக்கட்டிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தவறியவருக்கு எதையும் பருக்காதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

இஃது உழைப்பவனின் பொறுப்பு மட்டுமன்று. ஒரு நாட் கூலியை இழக்க அஞ்சுபவன் தன் தலைச்சுற்றை வாய்விட்டுச் சொல்லான். எனவே நண்பகலில் ஓய்வளிப்பது வேலை கொள்வோரின் கடமை. வெயிலில் விளையாட்டுப் போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கும், கட்டட வேலையை மேற்பார்வை செய்யும் பொறியியலாளர்களுக்கும் அதே கடமை உண்டு.

நிழலிலிருந்து கட்டளையிடுவோர் வெயிலில் நிற்பவனின் முகத்தைப் பார்க்கப் பழகட்டும்! ஓய்வுக்குரிய கூலியைக் குறைக்காதிருக்கட்டும்! ஒரு மணி நேர வேலை பிந்தினால் மறுநாள் முடிக்கலாம். போன உயிரை யார் மீட்பார்?