செவிக்கும் பயிற்சி வேண்டும்

நிலவிரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறு முனையைச் செவியிலும் வைத்து மீனிசை கேட்பது நம் வாவிக்கரையின் பழவழக்கம். அப்பொறுமை அயல்மொழி கற்போர்க்கும் வேண்டும்.

ஜெர்மனியில் வாழும் கணவருடனோ மனைவியுடனோ சேர விழைவோரிற் பெரும்பாலோர் தொடக்கநிலை ஜெர்மன் அறிவுக்குச் சான்று காட்டல் வேண்டுமென அந்நாடு 2007ஆம் ஆண்டு விதித்தது. அதற்கென நம்மவர் கொழும்பிலுள்ள கதே நிறுவனத்தில் எழுதும் ஏ1 தேர்விலே, கேட்டற்பகுதி ஏறத்தாழ 20 நிமிடம், வினாக்கள் 15. உரையாடலும் தொலைபேசிச் செய்தியும் இருமுறை ஒலிக்கும். பொது அறிவிப்போ ஒரே முறை.

நாம் ‘முப்பத்தைந்து’ என்பதை ஜெர்மானியர் ‘ஐந்தும் முப்பதும்’ என்பர். ‘அரை மூன்று’ எனின் அவர்க்கு இரண்டரை மணி. இலக்கணம் முழுதும் மனனஞ் செய்த மாணவரும் இங்கே 35ஐ 53 என எழுதி மயங்குவர். குறை அறிவிலன்று, செவிப்பழக்கத்திலேயே. ஓரிரு புள்ளிகளால் தேர்வு தவறின், ஒரு குடும்பத்தின் பிரிவும் நீளும்.

ஆதலின், மாணவர்காள், நாள்தோறும் அரைமணி நேரம் மாதிரி ஒலிப்பதிவுகளைக் கேட்டு, எண்களையும் நேரங்களையும் எழுதிப் பழகுக. அதன் பின்னரே அச்சுப்பிரதியை நோக்குக. ஜெர்மனியில் வாழும் பழைய மாணவர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் இளையோருடன் அம்மொழியிற் பேசுவாராயின், கல்லூரிக்கு அதனினும் சிறந்த விழாப் பரிசில் வேறில்லை.