குவளையும் குதிரையும்

செராமிக் என்ற சொல்லைத் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் பேனா தயங்குகிறது. மட்பாண்டம் என்றால் பானை, சட்டி நினைவுக்கு வருகிறது. சுடுமண் சிற்பம் என்றால் அருங்காட்சியகம். பீங்கான் என்றால் ஊறுகாய் ஜாடி. புழங்க ஒன்று, பார்க்க ஒன்று என்று நாம் பிரித்து வைத்ததன் விளைவு இது. மண்ணுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

புதுச்சேரியில் 1971-ல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரு அமெரிக்கர்கள் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைப் பாருங்கள். ஸ்மித்தின் நாட்டம் அன்றாடக் கலங்களில்: கோப்பை, தட்டு, கிண்ணம். ஜப்பானின் புகழ்பெற்ற குயவர் ஷோஜி ஹமாதாவைப் பற்றி சூசன் பீட்டர்சன் நூல் எழுதியபோது, மொழிபெயர்ப்பாளராக உடனிருந்தவர் அவர். தன் கலங்களில் கையெழுத்திடுவதையே விட்டுவிட்டவர் ஹமாதா.

மீக்கர் கட்டடக் கலை படித்தவர். அவர் கையில் மண் பெருத்துக்கொண்டே போனது. 1980-களின் நடுவிலிருந்து, சுடாத மண் கற்களால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளே தீ மூட்டினார். சுவர் வெந்தது, உள்ளே அடுக்கிய செங்கற்களும் கூடவே வெந்தன. வீடே ஒரு பானை! ஆளுயரத்தை மிஞ்சும் சிற்பங்களும் அவர் செய்தவைதான்.

இருவர் வழியும் வேறு, சட்டம் ஒன்றே. காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். கோப்பையும் அதன் கைப்பிடியும் ஒரே பதத்தில் ஒட்டப்படாவிட்டால் விரிசல் விடும். கனத்த இடத்தில் ஈரம் தங்கினால் நீராவியாகி வெடிக்கும். எனவே சிற்பமும் பானையைப் போல உள்ளே கூடாகத்தான் இருந்தாக வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. கோப்பைக்குப் பரீட்சை கடுமை. விளிம்பு தடித்தால் உதடு சொல்லிவிடும். தேநீர்க் கெண்டியின் மூக்கு சொட்டினால் மேஜை விரிப்பு சாட்சி. சிற்பத்தை யாரும் அப்படிச் சோதிப்பதில்லை. நூற்றுக்கணக்கான கிண்ணங்களைச் சக்கரத்தில் இழுத்துப் பழகிய கைக்கே மண் எங்கே தாங்கும், எங்கே தொய்யும் என்பது தெரியும். அந்த அறிவோடுதான் அது சிற்பத்துக்குப் போக வேண்டும்.

நம் வேளார்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. அய்யனார் கோயில் குதிரையின் கால்கள் உள்ளீடற்ற உருளைகள். வயிறு, பெரிய பானை வளர்வதுபோல் மண்ணைச் சுற்றிச் சுற்றி ஏற்றித் தட்டி எழுப்பப்படுகிறது. அடுப்புக்குச் சட்டி செய்த கைதான் சாமிக்குக் குதிரையும் செய்தது. இன்னும் பின்னால் போனால், புறநானூற்றில் ஒரு பெண், இறந்த கணவனோடு தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யும்படி குயவரை வேண்டுகிறாள். அந்தத் தாழி பயன்பொருளா, கலைப்பொருளா? கேள்வியே அபத்தமாகப் படுகிறது.

ஆனால் சந்தை இந்தக் கேள்வியை விடாமல் கேட்கிறது. 2018-ல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் முதல் இந்திய செராமிக் ட்ரியனாலே நடந்தது. மண்ணை நவீனக் கலையாகப் பார்க்க வைத்த முயற்சி, வரவேற்க வேண்டியதுதான். கலைக்கூடத்தில் 'தொடாதீர்கள்' என்ற பலகைக்கு முன் கைகட்டி நிற்கிறோம். தெருவோரத்தில் அதே மண்ணைச் சுண்டிப் பார்த்து, பானைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். ஒருவர் கலைஞர், மற்றவர் வியாபாரி.

நஷ்டம் இருவருக்கும்தான். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் சமையலறையைப் பிடித்துக்கொண்ட பிறகு, குயவர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள். குதிரை வேண்டுதல் எப்போதோ ஒருமுறை வருவது. கைப்பழக்கம் அதில் வளராது. தினமும் பானை தட்டித்தான் வளரும். குதிரையைக் கலை என்று கொண்டாடிவிட்டுச் சட்டியை மறந்தால், குதிரை செய்யவும் ஆள் இருக்காது.

பானை விற்காத ஊரில் குதிரையும் நிற்காது.