பார்வைக்காக வழக்காடிய புலவர்

சத்தியத்தை மீறினார், சாமி கண்ணைப் பறித்தது. திருவொற்றியூரில் தேவாரப் புலவர் சுந்தரர் பார்வை இழந்த கதையைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். பார்வையின்மை பாவத்தின் சம்பளம் என்ற பழைய எண்ணத்துக்கு இது தோதாக அமைந்துவிடுகிறது. ஆனால் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதை இவ்வளவு நேரானதல்ல.

ஞாயிறு என்னும் ஊரில் பிறந்து, ஒற்றியூர்க் கோயிலில் பூத்தொடுக்கும் தொண்டு செய்தவர் சங்கிலியார். அவரை மணக்க வேண்டுமானால், பிரிவதில்லை என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். அவர் மனத்திலோ தாம் வாழ்ந்த திருவாரூர் இருக்கிறதே! சத்திய நேரத்தில் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய் இருந்துகொள்ளும்படி இறைவனிடம் ரகசியமாகக் கேட்டுக்கொள்கிறார். சரி என்ற இறைவன், மகிழடியிலேயே சத்தியம் வாங்கும்படி சங்கிலியாருக்குக் கனவில் சொல்லிவிடுகிறார். இரு பக்கமும் பேசியவர் நடுவரே. மாட்டிக்கொண்டவர் புலவர்.

வசந்தம் வந்தது. ஆரூர் ஆசை இழுக்க, ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்கு இரு கண்களும் மறைந்தன.

அதன்பின் அவர் பாடியவற்றை வரிசையாகப் படித்தால் குற்றவாளியின் அழுகையாக மட்டும் அவை ஒலிக்கவில்லை. தக்கேசிப் பண்ணில் அமைந்த ஒற்றியூர்ப் பதிகத்தில் தவற்றை ஒப்புக்கொள்கிறார். கூடவே, மூன்று கண் உடையவர் அடியவனின் கண்ணைப் பறிப்பது முறையா என்று கேட்டு, அதுதான் நியாயமென்றால் ஊன்ற ஒரு கோலாவது கொடும் என்கிறார். முல்லைவாயில் வழியாகத் திருவெண்பாக்கம் சேர்ந்ததும் கோல் கிடைக்கிறது, கண் கிடைக்கவில்லை. கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டவருக்கு, இருக்கிறோம், போய் வாரும் என்ற ஒட்டாத பதில்தான். இன்று அதே ஊர்ப்பக்கம் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போய்விட, கரையில் புதிய கோயில் எழுந்தது. 

காஞ்சியில் இடக்கண் கிடைக்கிறது. அதோடு திருப்திப்படுகிற ஆளா அவர்? ஆரூரில் வலக்கண்ணுக்காகப் பாடும்போது, நீர் நன்றாக வாழ்ந்து போம் என்று இறைவனையே இடித்துக் காட்டுகிறார். தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் இருப்பது அந்த ஒரு பதிகம்தான்.

அமெரிக்காவின் ஃபேனி கிராஸ்பியும் (1820–1915) பார்வையற்றவர். 8,000-க்கு மேற்பட்ட கிறிஸ்தவப் பாடல்கள் எழுதியவர். பார்வையின்மையைக் கடவுள் தந்த நன்மையாகவே கருதினார். அது அவருடைய பக்தி. சுந்தரருடைய பக்தியோ உரிமை கேட்கிறது. எனக்கு இந்தக் குரலே நெருக்கமானது. கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வை இழந்தவருக்கும் வளர்ந்தபின் இழந்தவருக்கும் உள்ள வேறுபாடும் அதில் கேட்கிறது.

2021-இல் திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை நீண்ட சென்னை மெட்ரோவின் நிலையங்களில், பார்வையற்றவர்கள் கோலால் தடவி நடக்க வரியோடிய ஓடுகள் உண்டு. ஒற்றியூர்க் கோயிலின் தியாகராஜர் சந்நிதி வரைக்கும் அப்படியொரு தடம் வேண்டும். மகிழ மரத்தடியில் பிரெயிலில் கதை எழுதிய பலகையும் வேண்டும். மாசிப் பெருவிழாவின் மகிழடிச் சேவையன்று, பார்வையற்ற நிலையில் அவர் பாடிய பதிகங்களை ஒற்றியூர் முதல் ஆரூர் வரை அதே வரிசையில் ஓதச் செய்யலாம். தேவாரப் பாடசாலைகளை நடத்தும் அறநிலையத் துறை, அங்கே பார்வையற்ற மாணவர்களைத் தேடிச் சேர்க்கவும் வேண்டும். தேவாரம் பெரிதும் செவிவழியே கற்கும் கலைதானே.