பவரைக் கூட்டாதே, பழுதைத் தேடு!



கேன்டீனில் நாலு பேர் கூடினால் பைக், கிரிக்கெட், சினிமா என்றிருந்த பேச்சில் இப்போது ரேஸ் ட்ரோனும் சேர்ந்துவிட்டது. காகிள்ஸை மாட்டிக்கொண்டால் ட்ரோனின் மூக்கில் உட்கார்ந்து பறப்பது போலவே இருக்கும். ஆனால் வேகம் எடுத்த மறுநொடி படத்தில் கோடு கோடாக ஓடும். சில நேரம் வெள்ளைப் புள்ளி பொரிந்து எல்லாம் மறைந்துவிடும். உடனே சுற்றி நிற்பவர்கள் சொல்லும் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: "பவரைக் கூட்டுடா மாப்ள, சரியாயிடும்!"

இந்த வைத்தியம் தவறு என்பதே என் கட்சி. நம் பணத்துக்கும் கேடு. பக்கத்தில் பறப்பவனுக்கும் கேடு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வீடியோ டிரான்ஸ்மிட்டரை 25 மில்லிவாட்டிலிருந்து 200 மில்லிவாட்டுக்கு மாற்றினால் பவர் 8 மடங்கு. தூரமும் 8 மடங்கு ஆகுமா? ஆகாது. தூரம் இரட்டிப்பாகவே 4 மடங்கு பவர் வேண்டும். ஆக, 8 மடங்கு பவருக்கு நமக்குக் கிடைப்பது 3 மடங்குக்கும் குறைவான தூரம். அதுவும் சிக்னல் பலவீனம்தான் நோய் என்றால் மட்டுமே. கோடு நம் ட்ரோனுக்குள்ளேயே பிறந்திருந்தால், டிரான்ஸ்மிட்டர் அந்தக் கோட்டையும் சேர்த்துப் பலமாக அனுப்பும். சுருதி சேராத பாட்டுக்கு மைக் செட் கட்டிய கதைதான்!

ஆகவே நாடி பிடிக்கத் தெரிய வேண்டும். நம் கைக்கு எட்டும் அனலாக் வீடியோவில் நோய் பெரும்பாலும் மூன்று வகை.

ஒன்று, த்ராட்டிலைக் கூட்டக் கூட்ட அதிகமாகும் கோடு. இது வீட்டுக்குள் இருக்கும் திருடன். மோட்டாரை ஓட்டும் இ.எஸ்.சி. நொடிக்குப் பல ஆயிரம் தடவை கரன்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த அதிர்ச்சி பேட்டரி வயரில் ஏறி, அதே வயரில் உயிர்வாழும் கேமராவையும் டிரான்ஸ்மிட்டரையும் உலுக்குகிறது. அந்தக் காலத்தில் சமையலறையில் மிக்சி ஓடினால் கூடத்து டி.வி.யில் கோடு விழுமே, அதன் தம்பிதான் இது.

இரண்டு, தூரம் போகப் போக, அல்லது கட்டடத்துக்குப் பின்னால் போனால் பொரியும் புள்ளி. இது ஆன்டெனா சங்கதி. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 செ.மீ. சொச்சம்தான். ஒரு சுவர், ஏன், ஓட்டுகிறவன் உடம்பே அதை மறித்துவிடும். ட்ரோனில் வலஞ்சுழி ஆன்டெனா, காகிள்ஸில் இடஞ்சுழி ஆன்டெனா என்று மாறிப்போனாலும் சிக்னலில் பெரும்பகுதி வீண்.

மூன்று, யாரோ பேட்டரி மாட்டியதும் திடீரென்று நம் படம் உடைவது, அவன் படம் நம் காகிள்ஸில் தலைகாட்டுவது. இதுதான் உண்மையான வெளிக் குறுக்கீடு.

எது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். முதல் வேலையாக இறக்கைகளைக் கழற்றிவிடுங்கள், விரல் முக்கியம். மற்றவர்களின் டிரான்ஸ்மிட்டர்களை அணைத்துவிட்டு, த்ராட்டிலை மெதுவாக ஏற்றிப் படத்தைக் கவனியுங்கள். சுமை இல்லாததால் கோடு சற்று மங்கலாகத் தெரியலாம். பிறகு கேமராவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் மட்டும் தனி பேட்டரி கொடுங்கள். கோடு மறைந்தால் குற்றவாளி பவர் லைன்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நாலையும் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடவுளுக்கும் தெரியாது.

மருந்து என்ன? இ.எஸ்.சி.யின் பேட்டரி முனையிலேயே, காலைக் குட்டையாக வெட்டி, லோ இ.எஸ்.ஆர். கெபாசிட்டர் ஒன்று. நாலு செல் பேட்டரிக்கு 35 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் போதும். பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. கேமராவின் கிரவுண்ட் வயரை நேராக டிரான்ஸ்மிட்டருக்கே கொண்டு போங்கள். இன்னும் மிச்சம் இருந்தால் ஒரு எல்.சி. ஃபில்டர். இதெல்லாம் புதுசா என்ன? ரெக்டிஃபையர் எக்ஸ்பெரிமென்டில் கெபாசிட்டர் போட்டதும் ரிப்பிள் அடங்கியதை சி.ஆர்.ஓ.வில் பார்த்து ரெக்கார்டில் வரைந்தோமே, அதே பாடம்தான். படித்ததை மார்க்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஓசூர் வழியாக ரயிலேறி பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் புது டிரான்ஸ்மிட்டர் தேடுகிறோம். அப்பா அனுப்பிய பணம் போகிறது. கோடு அப்படியே இருக்கிறது.

இனி பக்கத்தில் பறப்பவன் கதை. ரேஸ்பேண்டில் 5658 முதல் 5917 மெகாஹெர்ட்ஸ் வரை, 37 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 8 சானல்கள். கல்லூரி வைஃபையும் இதன் நடுப்பகுதியில் குடியிருக்கலாம். நம் நாட்டில் 2018இல் உரிமமின்றித் திறந்துவிட்ட 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி 5875இல் முடிகிறது; கடைசி இரண்டு சானலும் அதற்கு வெளியே. இந்தக் குறுகிய சந்தில் ஒருவன் பவரைக் கூட்டினால் மற்றவன் கண் மறைகிறது. கண் மறைந்த ட்ரோன் எங்கே விழும், யார் தலையில் விழும்? அடுத்தவனும் கூட்டுவான், கடைசியில் யாருக்கும் படம் இல்லை. ஏரித் தண்ணீருக்கு முறை வைக்காமல் ஆளுக்கொரு மடை வெட்டினால் கடைமடை காயும் என்பதைத் தருமபுரிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வானலைகள் பொதுச் சொத்து என்று 1995இல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

என் யோசனை இதுதான். மைதானத்தில் சானல் பலகை ஒன்று வைப்போம். பெயர் எழுதாமல், "மாட்டலாமா?" என்று கேட்காமல் யாரும் பேட்டரி மாட்டக் கூடாது. எல்லாரும் 25 மில்லிவாட். ஸ்பெக்ட்ரம் அனலைசர் லட்சக்கணக்கில் விலை சொல்லும், ஆர்.எக்ஸ்.5808 ரிசீவர் மாட்யூலோடு ஒரு ஆர்டுயினோவை இணைத்தால் எந்த சானலில் எவ்வளவு சத்தம் என்று நாமே பார்க்கலாம். இறுதியாண்டு புராஜெக்டை விலைக்கு வாங்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த அதியமான் ஆண்ட தகடூர் இது. 37 மெகாஹெர்ட்ஸையா நாம் பகிர்ந்துகொள்ள மாட்டோம்? பவரைக் கூட்டுவதற்கு ஒரு விரல் போதும் தோழர்களே. பழுதைத் தேடுவதற்குத்தான் டிப்ளமா!