ஜான் சீனா தோற்கணும்... ஆனா தட்டக் கூடாது!

இந்தக் கட்டுரையை டிசம்பர் 13-க்கு முன்னாடியே போட்டுடுங்கன்னு எங்க எடிட்டர்கிட்ட கெஞ்சாத குறையா கேட்டிருக்கேன். ஏன்னா அன்னிக்கு ராத்திரி, வாஷிங்டன் கேபிடல் ஒன் அரீனாவில் ஜான் சீனா கடைசியா ரிங்குக்குள்ள இறங்கறார். நமக்கு அது 14-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 6.30 மணி. எங்க ஹாஸ்டல் விங்ல செமஸ்டருக்குக்கூட அலாரம் வைக்காதவங்க எல்லாம் அன்னிக்கு அலாரம் வெச்சிருக்காங்க.

எதிராளி யாருன்னு முடிவாயிடுச்சு. 16 பேர் கலந்துகிட்ட டோர்னமென்ட்ல, ஃபைனல்ல எல்.ஏ. நைட்டை ஜெயிச்சு ஆஸ்திரியாக்காரர் குந்தர் வந்துட்டார். இனி மிச்சம் இருக்கற கேள்வி ஒண்ணுதான். இதை எப்படி முடிக்கப் போறாங்க?

"அதெல்லாம் முன்னாடியே எழுதி வெச்சதுதானே, இதுல என்னடா இருக்கு"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு பதில். எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் வேன்ல ஒரு அண்ணன் இதே விஷயத்தைச் சொன்னார். அன்னிக்கு நான் அவர்கூட சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து, நாலு வருஷமா சேர்த்து வெச்சிருந்த ரெஸ்லிங் கார்டு கட்டை அலமாரிக்கு அடியில தள்ளிட்டேன். ஒரு மாசம் டிவி பக்கமே போகல. அப்புறம்தான் தோணுச்சு: யாரோ உக்காந்து முடிவு பண்றாங்கன்னா, அந்த முடிவு நல்லதா இருக்கலாம், கேவலமாவும் இருக்கலாம். அப்போ அதைக் கேள்வி கேக்க நமக்கு உரிமை இருக்கே! சினிமா கதைன்னு தெரிஞ்சும் கிளைமாக்ஸ் சரியில்லன்னு திட்டறோம் இல்லையா, அதே உரிமைதான். யார் ஜெயிக்கணும், யார் தோக்கணும், எப்படி, எதுக்குன்னு முடிவு பண்றதுக்கு அந்தத் தொழில்ல 'புக்கிங்'னு பேர். சம்பளம் வாங்காம ரசிகன் அதையே பண்ணா 'ஃபேன்டஸி புக்கிங்'. இது என்னோடது.

ஏன் தோற்கணும்?

ரெஸ்லிங்ல எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. போறவன் தோத்துட்டுப் போகணும். இத்தனை வருஷம் ஜனங்க கொடுத்த மரியாதையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது, இருக்கறவன்கிட்ட கொடுத்துட்டுப் போகணும். 2008 ரெஸில்மேனியாவில் ரிக் ஃபிளேர் ஷான் மைக்கேல்ஸ்கிட்ட தோத்தார். (அப்புறம் வேற கம்பெனியில் திரும்ப இறங்கினார், அது தனிக்கதை.) ரெண்டே வருஷத்துல அதே ஷான், அண்டர்டேக்கர்கிட்ட தோத்து விடைபெற்றார். ஸ்டீவ் ஆஸ்டின் 2003-ல் ராக்கிட்ட தோத்தார். இந்த வருஷம் ஜூலையில் கோல்ட்பர்க் இதே குந்தர்கிட்ட தோத்தார்.

விதிவிலக்கு இல்லாமலில்ல. 2024 மார்ச்ல ஸ்டிங் தன் கடைசி மேட்சை டார்பி ஆலினோட சேர்ந்து ஜெயிச்சுட்டுத்தான் போனார். யாரும் குறை சொல்லல. ஆனா ஸ்டிங் அந்தக் கடைசிக் காலம் முழுக்க டார்பியைப் பக்கத்துலயே வெச்சிருந்தார். கொடுக்க வேண்டியதை முன்னாடியே கொடுத்து முடிச்சிருந்தார். சீனா அப்படியா?

இந்த வருஷக் கணக்கைப் பாருங்க. மார்ச் 1, டொரான்டோ: கோடி ரோட்ஸைக் கட்டிப் பிடிச்சு, அடுத்த நொடி கீழ அடிச்சு, 20 வருஷத்துக்கு மேல ஹீரோவா இருந்த மனுஷன் வில்லனானார். ஏப்ரல்ல லாஸ் வேகஸ்ல 17-வது உலகப் பட்டம். ஆகஸ்ட் சம்மர்ஸ்லாம்ல அதைத் திரும்ப கோடியே வாங்கிட்டார். செப்டம்பர்ல பிராக் லெஸ்னர் வந்து துவைச்சுப் போட்டார். அக்டோபர்ல பெர்த்ல ஏ.ஜே. ஸ்டைல்ஸோட அருமையான ஒரு மேட்ச். நவம்பர்ல சொந்த ஊர்ப் பக்கம் பாஸ்டன்ல டொமினிக்கிட்டருந்து இன்டர்கான்டினென்டல் பட்டம், மாசக் கடைசியில அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்தாச்சு.

இதுல யாருக்கு என்ன கிடைச்சுது? கோடி ஏற்கெனவே உச்சத்துல இருந்தவர். லெஸ்னருக்கு அந்த வெற்றி தேவையே இல்ல. 2014 சம்மர்ஸ்லாம்லயே 16 சப்ளெக்ஸ் போட்டு சீனாவை நசுக்கினவர் அவர். டொமினிக்குக்குக் கொஞ்சம் கிடைச்சுது. மத்தபடி ஒரு வருஷச் சுற்றுப்பயணம் முழுக்க சீனா கடனை அடைக்காமலே வந்திருக்கார். பாக்கி இருக்கறது ஒரே ஒரு மேட்ச். அதனாலதான் சொல்றேன், தோற்கணும்.

குந்தர் சரியான ஆளா?

நேர்மையா சொல்லணும்னா, என்னோட முதல் சாய்ஸ் குந்தர் இல்ல. அதே டோர்னமென்ட்ல ஜெவான் எவன்ஸ்னு ஒருத்தர் இருந்தார். வயசு 21. என் வயசு! நான் மூணாவது மாடிக்கு லிஃப்ட் தேடற வயசுல அவர் ரிங் கயித்து மேலருந்து பறக்கறார். ஆனா முதல் சுற்றுலயே குந்தர் அவரை வெளியே அனுப்பிட்டார். எனக்கு அப்போ கோபம்தான். யோசிச்சுப் பார்த்தப்புறம் அது சரின்னு தோணுது. 21 வயசுப் பையன் சீனாவை ஜெயிச்சா மறுநாள் யாரும் நம்ப மாட்டாங்க. அந்த வெற்றியை அவரால தாங்கவும் முடியாது.

குந்தர் தாங்குவார். 666 நாள் இன்டர்கான்டினென்டல் சாம்பியனா இருந்தவர், அது இன்னிக்கும் சாதனை. அவர் நெஞ்சுல விடற சாப் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேக்கும். கண்ணுல சிரிப்பே இருக்காது. ரெஸ்லிங்கை ஒரு விளையாட்டாவே மதிக்கற வில்லன் அவர். கேலிக்கூத்து, பாட்டு, தொப்பி, கலர் டீஷர்ட்டுன்னு வளர்ந்த சீனாவுக்கு இதைவிடப் பொருத்தமான எதிர்த்துருவம் கிடைக்காது. ஒரே குறை, ஏப்ரல்ல ஜே ஊசோகிட்ட தட்டித் தோத்ததுல அவரோட பிம்பம் கொஞ்சம் அடிவாங்குச்சு. அந்த ஓட்டையை அடைக்கவும் இது நல்ல நேரம்.

என்னோட புக்கிங்

மெயின் மேட்சுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த ஷோவில் என்.எக்ஸ்.டி. இளசுகளுக்கு இடம் கொடுத்திருக்காங்க. இதைத்தான் நான் மனசாரப் பாராட்டறேன். ஓபா ஃபெமி – கோடி ரோட்ஸ் மேட்ச்ல ஃபெமி தோக்கவே கூடாது. போன சனிக்கிழமைதான் என்.எக்ஸ்.டி. பட்டத்தைத் திரும்ப ஜெயிச்சிருக்கார். ரெண்டு சாம்பியன்ல யாரையும் தோக்கடிக்க மனசில்லன்னா நேரம் முடிஞ்சு டிராவா விடுங்க. 15 நிமிஷம் கோடியால அந்த மலையை அசைக்க முடியலன்னு ஜனங்க வீட்டுக்குப் போனாலே போதும். ஸ்டைல்ஸ், டிராகன் லீ ஜோடியை ஜெவான் எவன்ஸ், லியான் ஸ்லேட்டர் ஜோடி சந்திக்கற மேட்ச்லயும் ஜெவான் ஒரு தடவை கூட்டத்தை எழுப்பி நிக்க வைக்கணும். அவர் எனக்குக் கடைசியில தேவைப்படறார்.

இப்போ மெயின் மேட்ச். முதல் அஞ்சு நிமிஷம் எதுவும் நடக்கக் கூடாது. பூட்டு, விடுவிப்பு, பூட்டு. சீனாவுக்கு ரெஸ்லிங் தெரியாதுன்னு 20 வருஷமா கத்தின கூட்டத்துக்கு அவர் தெரியும்னு காட்டட்டும். அப்புறம் முதல் சாப். சத்தம். அரங்கமே அமைதி. அங்கருந்து குந்தர் மெதுவா, அவசரமே இல்லாம பிரிச்சு மேயணும்.

பதினைஞ்சாவது நிமிஷத்துல வழக்கமான சீனா எழுச்சி: தோள் இடி, முகத்துக்கு முன்னாடி கை ஆட்டறது, ஆட்டிட்யூட் அட்ஜஸ்ட்மென்ட். குந்தர் ரெண்டுல எழுந்துடறார். இன்னொண்ணு, அதுலயும் எழுந்துடறார். மூணாவதுக்கு சீனா ரெண்டாவது கயித்துல ஏறறார், தோள்ல குந்தர். அங்க வழுக்கி முதுகுப் பக்கம் இறங்கி, ஸ்லீப்பர்.

முதல் ஸ்லீப்பர்ல சீனா மூலை டர்ன்பக்கிளைக் காலால உதைச்சு, பின்பக்கமா விழுந்து, குந்தர் தோளைத் தரையில அழுத்தணும். பிரெட் ஹார்ட் 1992-ல் பைப்பரையும் 1996-ல் ஆஸ்டினையும் ஜெயிச்சது இப்படித்தான். விவரம் தெரிஞ்சவங்க எல்லாரும் "முடிஞ்சுது, சீனா ஜெயிச்சுட்டார்"னு எழுந்து நிப்பாங்க. ஒண்ணு, ரெண்டு... குந்தர் தோளைத் தூக்கிடறார். பிடியை மட்டும் விடல. திரும்பவும் இறுகுது.

ரெஃப்ரி கையைத் தூக்கிப் பார்க்கறார். விழுது. ரெண்டாவது தடவை, விழுது. மூணாவது தடவை கை அந்தரத்துல நிக்குது. அரங்கம் வெடிக்குது. அந்தக் கை மெதுவா முகத்துக்கு முன்னாடி வந்து ஒரு தடவை ஆடுது. அப்புறம் விழுது. மணி.

தட்டக் கூடாது, ஏன்னா...

என் ரூம்மேட் இதை ஒத்துக்கல. "மச்சி, தட்டணும்டா. 'நெவர் கிவ் அப்'னு துண்டுல எழுதி வித்தவன் கடைசி நாள்ல கிவ் அப் பண்ணான்னா, குந்தரை அடுத்த பத்து வருஷம் ஜனங்க மறக்க மாட்டாங்க. வில்லனுக்கு அதைவிடப் பெரிய பரிசு என்ன இருக்கு?" ரெண்டு நாள் மெஸ்ல இதே சண்டை. அவன் பாயின்ட் பலமானதுதான்னு ஒத்துக்கறேன். குந்தருக்கு மட்டும் கணக்குப் போட்டா தட்டறதுதான் லாபம்.

ஆனா கணக்குல இன்னொரு பக்கமும் இருக்கு. 1997 ரெஸில்மேனியாவில் பிரெட் ஹார்ட்டோட ஷார்ப்ஷூட்டர்ல மாட்டின ஸ்டீவ் ஆஸ்டின், முகமெல்லாம் ரத்தம், தட்டவே இல்ல. மயங்கித் தோத்தார். அந்தத் தோல்விதான் அவரை அந்தத் தலைமுறையோட பெரிய நட்சத்திரமாக்குச்சு. ஜெயிச்ச பிரெட்டும் குறைஞ்சு போகல, வில்லனா இன்னும் கூர்மையானார். ரெண்டு பேருக்கும் லாபம் தர்ற முடிவு ஏற்கெனவே கைவசம் இருக்கு.

இந்தக் கட்டுரையை எழுதும்போது 'சப்மிஷன்'க்குத் தமிழ்ல என்னன்னு தேடினேன். (இங்கிலீஷ் மீடியம், மன்னிச்சுக்கோங்க.) கிடைச்ச சொல் 'சரணடைதல்'. அப்போதான் எனக்கே தெளிவாச்சு. தோத்துப் போறது வேற, சரணடையறது வேற. சீனா இத்தனை வருஷம் "நான் தோக்க மாட்டேன்"னு சொல்லல. எத்தனையோ தடவை தோத்திருக்கார். 2002 ஜூன் 27, முதல் மேட்ச்லயே கர்ட் ஆங்கிள்கிட்ட தோத்துத்தான் ஆரம்பிச்சார். அவர் சொன்னது வேற. அதை நம்பின குழந்தைங்க இருக்காங்க. கடுமையான நோயோட போராடற குழந்தைங்களோட ஆசையை நிறைவேத்தற மேக் எ விஷ் மூலமா 650-க்கும் மேற்பட்ட குழந்தைங்களைச் சந்திச்சவர், அதுல உலக சாதனை அவர் பேர்லதான். அந்தத் துண்டைத் தலைமாட்டுல வெச்சுட்டுத் தூங்கின ஒரு குழந்தைக்கு, "அண்ணன் தோத்துட்டார்"னு சொல்லலாம். "அண்ணன் விட்டுட்டார்"னு எப்படிச் சொல்றது? அது வெறும் கதைதான்னு எனக்குத் தெரியும். கதைன்னு தெரிஞ்சும் பிடிச்சு நின்னவங்களுக்காகத்தான் சொல்றேன்.

மணி அடிச்சப்புறம்

குந்தர் கை கொடுக்கக் கூடாது, கட்டிப் பிடிக்கக் கூடாது. திரும்பிப் பார்க்காம போகணும். பெரிய பேச்சு வேண்டாம், வாணவேடிக்கை வேண்டாம்.

அப்புறம் கேமரா பேக்ஸ்டேஜுக்குப் போகணும். 2002-ல் ஆங்கிள்கிட்ட தோத்துட்டு வந்த புதுப்பையன் சீனாவுக்கு, உள்ளே அண்டர்டேக்கர் கை கொடுத்தார். பழைய ரசிகர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டாங்க. இந்தத் தடவை வியர்வையோட உள்ளே வர்ற சீனா, அங்க நிக்கற ஜெவான் எவன்ஸுக்குக் கை கொடுக்கட்டும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். நடந்து போயிடட்டும்.

குந்தர்? நேரா ஏப்ரல்ல ரெஸில்மேனியாவுக்கு. கோல்ட்பர்க்கையும் சீனாவையும் ஒரே வருஷத்துல வீட்டுக்கு அனுப்பினவன்னு ஒவ்வொரு வாரமும் சொல்லிட்டே இருக்கட்டும். ஆனா ஒரு எச்சரிக்கை. 2019-ல் கர்ட் ஆங்கிளோட கடைசி மேட்ச் நினைவிருக்கா? ரசிகர்கள் கேட்டது சீனாவை. கிடைச்சது பேரன் கார்பின். ஆங்கிளை ஜெயிச்சும் கார்பின் அங்கருந்து பெருசா எங்கயும் போகல. வெற்றியைக் கொடுத்தா மட்டும் போதாது, அடுத்த நாள்லருந்து அதை வெச்சு என்ன பண்றாங்கங்கறதுதான் புக்கிங். குந்தரை யார் ஜெயிக்கறாங்களோ, அவங்களுக்குத்தான் சீனாவோட முழு மரியாதையும் போய்ச் சேரும். அந்த ஆள் ஏற்கெனவே பத்துப் பட்டம் வாங்கினவரா இருந்தா, எல்லாம் வீண்.

ரூம்மேட்டுக்கும் எனக்கும் ஒரு பந்தயம். சீனா தட்டினா ஒரு வாரம் அவனுக்கு நைட் கேன்டீன்ல பரோட்டா என் செலவு. தட்டலன்னா அவன் செலவு. ஞாயிறு காலையில எங்க விங்ல கூச்சல் கேட்டா வார்டன் சார் கோபப்பட வேண்டாம். கூச்சலே கேக்கலன்னா, பரோட்டாவுக்கு நான் பர்ஸைத் தேடிட்டிருக்கேன்னு புரிஞ்சுக்கோங்க.