பழனிமலையும் உலகக் கணக்கும்

1876-ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பெரிதும் வாட்டியது. பருவமழை பொய்த்ததன் காரணத்தைத் தேடிய அறிஞர் சிலர், கதிரவனை ஆராய்ந்தால் மழையின் போக்கு விளங்கும் என்று நம்பினர். அந்நம்பிக்கையும் ஒரு காரணமாக, 1899-இல் பழனிமலைத் தொடரின்மீது கொடைக்கானல் வானாய்வுக்கூடம் அமைந்தது.

ஆயின், மழையின் மறைபொருள் கதிரவனிடம் மட்டும் இருக்கவில்லை. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கணித வல்லுநர். கொடைக்கானல் ஆய்வுக்கூடமும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. அவர் இந்திய ஏடுகளோடு அமையாது, பல நாடுகளின் காற்றழுத்தம், வெப்பம், மழை பற்றிய குறிப்புகளைத் திரட்டினார். கணினி இல்லாத அக்காலத்தில் இந்திய எழுத்தர் பலர் அவருக்காக எண்களைக் கூட்டியும் பெருக்கியும் உழைத்தனர். அவர்தம் பெயர்களை இன்று அறிவார் அரியர். பசிபிக் கடற்பகுதியில் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்துமாக்கடற் பகுதியில் அது தாழும் என்ற உண்மை அவ்வுழைப்பினின்றே வெளிப்பட்டது. வாக்கர் அதனைத் ‘தென் அலைவு’ என்றார். ஒரு நாட்டின் ஏடுகள் மட்டும் அதனைக் காட்டியிரா.

இன்று தட்பவெப்ப மாற்றத்தின் விளைவுகளைக் கணிக்கும் மாதிரிகளும் பல நாட்டார் கூடிச் செய்வனவே; புனேயில் உருவான இந்திய மாதிரியும் அவற்றுள் ஒன்று. உலகைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் வெப்பத்தையும் மழையையும் கணினி கணக்கிடும். மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பழனிமலைத் தொடரின் நீளமோ 65 கிலோமீட்டர் அளவே! கொடைக்கானலின் உறைபனியும் வத்தலக்குண்டின் வெயிலும் ஒரே எண்ணில் கலந்து மறையக்கூடும். அந்த எண்ணைக் கொண்டு மலைப்பூண்டு பயிரிடும் உழவர் என்ன முடிவு செய்வார்?

கணக்கிடுதல் செல்வநாடுகளின் வேலை, முடிவைப் பெற்றுக்கொள்ளுதல் பிறர் வேலை என்று எண்ணுவாரும் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. சிறு கட்டங்களுடைய நுண்ணிய மாதிரிகளும் இப்போது செய்யப்படுகின்றன. அவை மெய்யோ பொய்யோ என்று சோதிக்க, மலைச்சரிவுகளில் நாள்தோறும் எடுத்த அளவுகள் வேண்டும். அவற்றை வெளிநாட்டார் வந்து எழுதித் தரமாட்டார்.

ஏடுகளைப் பிறர்க்குக் கொடுத்தால் இழப்பு நேரும் என்ற அச்சமும் வீணே. நூறாண்டுக்கு மேலாகக் கொடைக்கானலில் எடுக்கப்பெற்ற கதிரவப் படங்கள் எண்ணுருவாக்கப்பட்டு, உலக ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. அதனால் அவ்வாய்வுக்கூடத்தின் புகழ் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. இம்மலையில் தோன்றும் வராகநதி, மஞ்சளாறு, மருதாநதி ஆகியவற்றின் நீரளவுகளும், அவற்றை ஊட்டும் மழையின் அளவுகளும் அவ்வாறே பேணப்பெற்று, கேட்போர் யாவர்க்கும் கிடைத்தல் வேண்டும்.