'இருங்கோ' என்று சொல்வதைக் கொஞ்சம் குறைப்போம்

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வயதானவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் 'இருங்கோ' என்ற சொல்லைக் கேட்கிறார்கள்? "நீங்கள் இருங்கோ, நான் கடைக்குப் போறன்." "கீழ இறங்காதேங்கோ, விழுந்திடுவீங்கள்." கனடாவிலிருந்து வரும் வாட்ஸ்அப் கோலிலும் இதே கதைதான்: "அம்மா, மருந்து போட்டனீங்களோ? சரி, ரெஸ்ட் எடுங்கோ." எல்லாம் அன்பில் சொல்வதுதான். ஆனால் இந்த அன்பு அவர்களின் கால்களைப் பலவீனமாக்குகிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

நடுத்தர வயதிலிருந்தே தசை மெல்ல மெல்லக் குறையும். பாவிக்காவிட்டால் இன்னும் வேகமாகக் குறையும். 2007இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. நல்ல சுகமாக இருந்த முதியவர்கள் சிலரை 10 நாட்கள் கட்டிலிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். கொழுப்பைச் சேர்க்காமல், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ நிறை போய்விட்டது. கட்டிலும் செற்றியும் ஒன்றில்லைத்தான். ஆனால் நாள் முழுக்க செற்றியில் இருந்து நாடகம் பார்க்கும் உடம்பும் அதே திசையில்தான் போகிறது.

இதில் ஒரு வட்டம் இருக்கிறது. விழுந்துவிடுவார் என்று பயந்து அம்மம்மாவை இருத்தி வைக்கிறார்கள். கால் மெலிகிறது. ஒரு நாள் பாத்ரூமுக்குப் போகும் வழியில் விழுகிறார். "பாத்தீங்களா, சொன்னனாங்கள்தானே" என்று பிறகு இன்னும் இறுக்கி இருத்தி வைக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவைப் பரிந்துரைக்கிறது. அதோடு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சிகள் வேண்டும் என்கிறது. இதற்கு ஜிம் தேவையில்லை. மரைன் டிரைவில் பின்னேரம் அரை மணித்தியாலம், ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் வந்துவிடும். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பி இருப்பதும், குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும் பயிற்சிதான்.

ஆனால் "நடவுங்கோ" என்று சொன்னால் மட்டும் யாரும் நடக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போய்ப் பாருங்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு எத்தனை வயதான அம்மாக்கள் நடந்து வருகிறார்கள்! உடற்பயிற்சி என்று நினைத்து யாரும் வருவதில்லை. போக ஓர் இடம் இருக்கிறது, அங்கே கதைக்கத் தெரிந்த முகம் இருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளவத்தையிலும் அப்படி இடங்கள் இல்லாமலில்லை. சந்தை இருக்கிறது, கோயில்கள் இருக்கின்றன, தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. மீன் பார்த்து வாங்கும் வேலையை அம்மம்மாவிடமிருந்து பறித்தால், அவர் வெளியே போவதற்கான காரணத்தையும் சேர்த்தே பறிக்கிறோம்.

பிழை முழுக்க வீட்டில் இல்லை. காலி வீதி நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கும், கல் பெயர்ந்திருக்கும், களைத்தால் குந்த ஒரு வாங்கு இருக்காது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது, ஜெனரேட்டர் ஓடாத கட்டடங்களில் மேல்மாடிக்காரர்களுக்கு லிஃப்ட் இல்லாமல் வெளி உலகமே இல்லை. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 8 பேர் அளவில் இருந்தார்கள். 2024 கணக்கெடுப்பில் அது 12ஐத் தாண்டிவிட்டது. நகரம் இன்னும் இளைஞர்களின் கால்களை நினைத்துத்தான் கட்டப்படுகிறது. நடைபாதையும் வாங்கும் முதியோர் சுகாதாரம்தான் என்று மாநகர சபையிடம் கேட்கவேண்டியது எங்கள் தலைமுறை.

எல்லோரையும் நாளைக்கே இழுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. நெஞ்சு வருத்தம், தலைச்சுற்று, மோசமான முழங்கால் நோ உள்ளவர்கள் முதலில் டொக்டரிடம் கேட்கவேண்டும். எழும்பும்போது தலை சுற்றினால் பிரஷர் மருந்தின் அளவைப் பற்றியும் விசாரியுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. இரவுச் சாப்பாடு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் என்றால் தசைக்கு ஒன்றும் போகாது. பயறோ பருப்போ முட்டையோ மீனோ கொஞ்சம் வேண்டும்.

எங்கள் அம்மா அப்பாமாரையும் மறக்கவேண்டாம். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு பிரஷர், சீனி, நிறை எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களைச் சுகாதார அமைச்சு 2011இலிருந்து நடத்திவருகிறது. "எனக்கு ஒண்டும் இல்லை" என்று சொல்லும் அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போவதும் எங்களால் ஏலும்.

அடுத்த முறை அம்மம்மா கடைக்கு வெளிக்கிட்டால் செருப்பை எடுத்துக் கொடுங்கள். கூடப் போங்கள். அவருடைய வேகத்துக்கு நடவுங்கள்.